நெல்லையில் ரூம் எங்கே போடுவது? கலகலப்பான பகுதியைத் தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

கல்யாணமான புதிதில் மாமனார் மாமியாரை முதல்முறையாகத் திருநெல்வேலிக்குக் கூட்டி வந்தேன். எங்கள் வீட்டில் அப்போது மராமத்து வேலை நடந்துகொண்டிருந்ததால் வெளியே ரூம் போட வேண்டியிருந்தது. கார் நிறுத்த இடம், லிஃப்ட், கண்ணாடி போட்ட வரவேற்பறை என்று எல்லாம் பார்த்து பைபாஸ் ஓரமாக ஒரு இடத்தைப் பிடித்தேன். ராத்திரி எட்டு மணிக்கு மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலாற நடக்கலாம் என்று வாசலில் இறங்கினார். இந்தப் பக்கமும் லாரி, அந்தப் பக்கமும் லாரி. எதிரே ஒரு டயர் கடை, அதுவும் அடைத்திருந்தது. கோயம்புத்தூர்க்காரர், மரியாதை குறையாமல்தான் கேட்டார்: "ஏனுங் மாப்ள, ஊரு எங்கீங் இருக்குது?"

ஊர் சில கிலோமீட்டர் தள்ளி, கீழ ரத வீதியில், அல்வாவுக்கு வரிசை கட்டி நின்றுகொண்டிருந்தது. அதை அவருக்குக் காட்ட அன்றைக்கு எனக்கு முடியவில்லை. அந்த நேரத்தில் ஆட்டோ பிடித்துப் போய்த் திரும்பும் தெம்பு யாருக்கும் இல்லை.

அதற்கப்புறம் சொந்தக்காரர், கூட வேலை பார்ப்பவர் என்று யார் நெல்லைக்கு வந்தாலும் ரூம் போடுவதற்கு முன் எனக்கு ஒரு போன் வரும். அவர்களுக்குச் சொல்வதை அப்படியே இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: நேரத்தை முடிவு செய்யுங்கள், இடம் அப்புறம்

"கலகலப்பான ஏரியா எது?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். இந்த ஊரில் அதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. இங்கே கலகலப்பு ஒரு இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை, நேரத்துக்கு நேரம் நகரும். விடியும் முன்பே நயினார்குளம் காய்கறிச் சந்தையிலும் ஜங்ஷன் டீக்கடைகளிலும் ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும். எட்டரை, ஒன்பதுக்கு அது பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளோடு பாளையங்கோட்டைக்கு வந்துவிடும். மதியம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை எங்கேயும் இருக்காது, வெயில் அப்படி. ஐந்து மணிக்கு மேல் டவுன். நோன்பு மாதமானால் ராத்திரியில் மேலப்பாளையம்.

அதனால் முதலில் இரண்டு நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் எந்த இரண்டு நேரம் நீங்கள் காலால் நடந்து ஊரைப் பார்க்க ஆசைப்படுகிறீர்கள்? எட்டு மணிக்கு எழுந்திருப்பவருக்கு விடியற்காலைச் சந்தை பக்கத்தில் இருந்து ஒரு பயனும் இல்லை. தினமும் குற்றாலம், திருச்செந்தூர், பாபநாசம் என்று போய்விட்டு ஏழு மணிக்குக் களைத்துத் திரும்புகிற குடும்பத்துக்கு, வெளிச்சமும் சூடான சாப்பாடும் வாசலுக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். அவர்களுக்கு டவுன் வேண்டாம்.

குறித்த இரண்டு நேரங்களில் ஒன்றுக்காவது கால் மணி நேர நடையில் ரூம் இருக்க வேண்டும். இன்னொன்றுக்கு பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போய்க்கொள்ளலாம். இரண்டுக்குமே வண்டி தேவைப்பட்டால் அந்த ரூம் வேண்டாம், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி.

இரண்டாம் படி: ஊரின் அமைப்பை மனதில் வாங்குங்கள்

தாமிரபரணிக்கு ஒரு கரையில் டவுனும் ஜங்ஷனும். மறு கரையில் கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டை, மேலப்பாளையம். இரு கரையையும் சேர்ப்பது 1843-ல் திறந்த சுலோசன முதலியார் பாலம். சுலோசன முதலியார் கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்தவர், பாலத்துக்குத் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். டவுனுக்கும் ஜங்ஷனுக்கும் குறுக்கே ரயில் பாதை போகிறது. அதன் மேலே ஈரடுக்கு மேம்பாலம். இந்த இரண்டு பாலங்களையும் மனதில் வைத்துக்கொண்டால் ஊர் பிடிபட்டுவிடும். மாலை ஆறு மணிக்கு எங்கே நெரிசல் வரும் என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

பேச்சு வழக்கில் ஒரு சிக்கல் உண்டு. வெளியூர்க்காரர் 'டவுன்' என்றால் நகரத்தின் நடுப்பகுதி என்று நினைப்பார். நெல்லையில் டவுன் என்றால் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய பகுதி மட்டும்தான். ஜங்ஷன் என்றால் ரயில் நிலையமும் அதைச் சுற்றிய கடைவீதியும். 'பாளை' என்றால் பாளையங்கோட்டை. 'புது பஸ் ஸ்டாண்டு' என்பது வேய்ந்தான்குளத்தில் இருக்கிறது, ஜங்ஷனிலிருந்து நாலைந்து கிலோமீட்டர். ரூம் பதிவு செய்யும் ஆப்களில் இவையெல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும், 'நகர மையம்' என்று போட்டிருக்கும். அதை நம்பாமல் தெருப் பெயரைப் பாருங்கள்.

மூன்றாம் படி: பகுதிகளை ஒவ்வொன்றாக எடை போடுங்கள்

டவுன்

மாலை நேரம் வேண்டும் என்று எழுதியவர்களுக்கு இதுதான் இடம், சந்தேகமே இல்லை. நெல்லையப்பருக்கும் காந்திமதி அம்மனுக்கும் தனித்தனிக் கோபுரம், தனித்தனிச் சன்னதித் தெரு. சுற்றிலும் நாலு ரத வீதிகள். மதியம் சாத்திய நடை நாலு மணிவாக்கில் திறக்கும்போது தெருவும் விழித்துக்கொள்ளும். பூக்கடை, பாத்திரக்கடை, ஜவுளி, நகை, பலகாரம் என்று ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். கீழ ரத வீதியில் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும், பண்டம் தீர்ந்ததும் அடைத்துவிடுவார்கள். வாழை இலைத் துண்டில் வைத்துத் தருகிற அல்வாவை வாங்கி, விரலில் நெய் வழிய அங்கேயே நின்று தின்பதுதான் முறை. பொட்டலத்தை ரூமுக்குக் கொண்டுபோய் ஸ்பூனால் தின்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது அவர்கள் இஷ்டம்.

நாலு ரத வீதியையும் வேடிக்கை பார்த்தபடி சுற்றிவர அரை மணி நேரம், கடையில் ஏறி இறங்கினால் இரண்டு மணி நேரம். வழி கேட்டால் 'முக்கு' வைத்துத்தான் சொல்வார்கள்: வாகையடி முக்கு, சந்திப்பிள்ளையார் முக்கு, லாலா சத்திர முக்கு. முக்கு என்றால் தெருமுனை. இந்த மூன்று பெயரும் தெரிந்தால் மேப் இல்லாமலே திரிந்துவிட்டு வரலாம். கோயிலுக்குள் தட்டினால் சுரம் எழும் இசைத் தூண்களும் நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான தாமிர சபையும் உண்டு. அவற்றைக் காலையில் பார்ப்பது நல்லது, மாலைக் கூட்டத்தில் நிதானமாக நிற்க முடியாது.

இனி குறைகள். டவுனில் தங்கும் இடங்கள் குறைவு. இருப்பவற்றில் பல பழைய கட்டடங்கள், படி ஏறித்தான் போக வேண்டும். முட்டி வலிக்காரர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கார் வைத்திருப்பவர்களுக்கு ரத வீதி நரகம். விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கி உங்களைக் கேட்காமலே எழுப்பிவிடும். எனக்கு அது பிடிக்கும், என் மனைவிக்குப் பிடிக்காது.

ரத வீதி மேலேயே ரூம் எடுப்பதை விட, அதிலிருந்து ஒரு தெரு உள்ளே தள்ளி எடுப்பதுதான் புத்திசாலித்தனம். வேடிக்கை இரண்டு நிமிட நடையில் இருக்க வேண்டும், ஜன்னலுக்குக் கீழே இருந்தால் இரண்டாம் நாளே அலுத்துவிடும்.

ஜங்ஷன்

அழகு என்று ஜங்ஷனை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரே ஒரு ராத்திரி தங்குபவர்களுக்கும், தனியாக வருகிறவர்களுக்கும், முதல்முறை வருபவர்களுக்கும் நான் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறேன். சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் வந்தால் காலையில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தே ரூமுக்குப் போய்விடலாம். 2023 செப்டம்பரில் தொடங்கிய வந்தே பாரத்தில் வந்தால் நெல்லை சேர ராத்திரி வெகு நேரமாகிவிடும். அப்போதும் சாப்பிட ஏதாவது ஒரு கடை திறந்திருக்கிற இடம் இது. தென்காசி, திருச்செந்தூர், நாகர்கோவில், மதுரை என்று நாலு திசைக்கும் இங்கிருந்து ரயில் போகிறது.

லாட்ஜுகள் மதுரை ரோட்டில் நிறைய. டவுனை நோக்கிப் போகும் எஸ்.என். ஹைரோடு பக்கமும் பார்க்கலாம். அங்கே தங்கினால் ஈரடுக்குப் பாலத்தைத் தாண்டி டவுனுக்கு டவுன் பஸ்ஸில் சீக்கிரம் போய்விடலாம். இளவட்டங்கள் நடந்தே போவார்கள். காலையில் எழுந்து சுலோசன முதலியார் பாலம் வரை ஒரு நடை போய்ப் பாருங்கள். சிந்துபூந்துறைப் பக்கம் ஆற்றில் குளிக்கிறவர்கள், துணி துவைக்கிறவர்கள், பாலத்தின் மேல் வேலைக்கு ஓடுகிறவர்கள் எல்லோரையும் ஒரே பார்வையில் பார்க்கலாம்.

குறை: சத்தம். பஸ் ஹாரன், ரயில் ஹாரன், அறிவிப்பு. ரோட்டுப் பக்கம் ஜன்னல் உள்ள அறையைத் தந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

வண்ணார்பேட்டை

பெரிய ஹோட்டல்கள், பெரிய ஜவுளிக்கடைகள், ஆஸ்பத்திரிகள். கார் நிறுத்த இடம் கிடைக்கும், ரூம் புதிதாக இருக்கும். கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்தவர்களுக்கு வசதி. கடை அடைத்ததும் ஏரியாவும் அடைத்துவிடும். என் மாமனார் கதை நடந்தது இங்கிருந்து கொஞ்சம் தள்ளி, பைபாஸில்தான்.

பாளையங்கோட்டை

எனக்கு ஒரு ரூம் எடுத்துத் தருகிறேன், எங்கே வேண்டும் என்று யாராவது கேட்டால் பாளை பஸ் ஸ்டாண்டுக்கும் மார்க்கெட்டுக்கும் நடுவில் எங்கேயாவது என்பேன். நான் படித்ததெல்லாம் இங்கே என்பதால் இந்தத் தீர்ப்பில் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று இந்த ஊருக்கு ஒரு பெயர் உண்டு. தூய யோவான் கல்லூரி 1878, சாராள் தக்கர் பெண்கள் கல்லூரி 1895, தூய சவேரியார் கல்லூரி 1923. பள்ளிகளை எண்ணி முடியாது. அதனால் பாளையின் கலகலப்புக்கு வயது குறைவு. காலை எட்டரை மணிக்குச் சீருடைக் கூட்டம் சைக்கிளிலும் பஸ்ஸிலும் வந்து குவியும். சாயங்காலம் அதே கூட்டம் பஜ்ஜிக் கடை, சர்பத் கடை, ஜெராக்ஸ் கடை என்று பிரிந்து நிற்கும். வ.உ.சி. மைதானத்தில் நடக்கிறவர்கள், ஓடுகிறவர்கள், சும்மா உட்கார்ந்து பேசுகிறவர்கள். மைதானத்தைச் சுற்றிவிட்டு மார்க்கெட் பக்கம் வந்தால் பனை ஓலைப் பெட்டி, கருப்பட்டி, கட்டுக் கீரை, கோடையானால் நுங்கு. 1826-ல் கட்டிய தூய திரித்துவப் பேராலயத்தை ஊரில் ஊசிக்கோபுரம் என்றுதான் சொல்வோம். அந்தக் கோபுரம் தெரிகிற தூரத்தில் இருந்தால் வழி தப்பாது. ராஜகோபால சுவாமி கோயிலும் நடக்கிற தூரம்தான்.

இன்னொரு வசதியைப் பலர் கவனிப்பதில்லை. திருச்செந்தூர் ரயில் பாதையில் பாளையங்கோட்டைக்கென்று தனி ஸ்டேஷன் உண்டு. செந்தூருக்குப் போகிறவர்கள் ஜங்ஷன் வரை போகாமல் இங்கேயே ஏறிக்கொள்ளலாம், எந்த ரயில் நிற்கும் என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். சிற்பங்களுக்குப் பேர்போன கிருஷ்ணாபுரமும் அகழாய்வு நடந்த ஆதிச்சநல்லூரும் இந்தத் திசையில்தான். வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையத்துக்கும் இங்கிருந்துதான் கிட்டம்.

பாளையின் பலவீனம் விடுமுறை. மே மாதம் வந்தால் பிள்ளைகள் இல்லாத பாளையைத்தான் பார்ப்பீர்கள், பாதி உயிர்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மணியோசையும், ஆலயத்துக்குப் போகும் வெள்ளைச் சட்டைகளும் மட்டும்.

மேலப்பாளையம்

இங்கே ரூம் தேடி அலைய வேண்டாம், சாப்பிடவும் பார்க்கவும் வாருங்கள். செவ்வாய்க்கிழமை ஆட்டுச் சந்தை. நெசவுத் தறிச் சத்தம் நிறைந்திருந்த தெருக்கள் இவை. நோன்பு மாதத்தில் சாயங்காலம் பள்ளிவாசல்களில் கஞ்சி, கடைகளில் வடை, சமோசா. ராத்திரித் தொழுகைக்கு அப்புறம் பஜார் இன்னொருமுறை விழிக்கும். அந்த மாதத்தில் வந்தால் பாளையில் ரூம் போட்டுவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு இங்கே வருவது சரியாக இருக்கும்.

பெருமாள்புரம், மகாராஜ நகர், என்.ஜி.ஓ. காலனி, கே.டி.சி. நகர்

நாங்கள் குடியிருக்கிற ஏரியாக்கள். வீட்டு வாசலில் கோலம், மாலையில் நடைப்பயிற்சி, ஒன்பது மணிக்குக் கதவடைப்பு. கைக்குழந்தையோடு ஒரு வாரம் தங்கி, வீட்டுச் சமையல் செய்து சாப்பிட நினைப்பவர்களுக்கு மட்டும்.

நான்காம் படி: நாள் பார்த்து வாருங்கள்

நல்ல நாள் பார்க்கச் சொல்லவில்லை. ஒரே தெரு நாளைப் பொறுத்துச் சொர்க்கமாகவும் இருக்கும், சிறையாகவும் இருக்கும்.

ஆனித் திருவிழாவில் தேரோட்டத்தன்று டவுன் முழுக்க ஆளாக இருக்கும். விநாயகர், முருகன், சுவாமி, அம்பாள், சண்டிகேசுவரர் என்று ஐந்து தேர். வடம் பிடிக்க ஊரே வரும். ரத வீதியில் முன்கூட்டியே ரூம் பிடித்தவருக்கு அது வாழ்நாள் காட்சி. ஆனால் அதற்கு முந்தின நாளே வந்துவிட வேண்டும், தேரன்று கார் உள்ளே வராது. ஒரு வருஷம் என் அக்கா குடும்பம் அன்றைக்குக் காலையில் வந்து, டவுன் நுழைவில் இருக்கும் ஆர்ச் பக்கத்திலேயே காரை விட்டுவிட்டு, இரண்டு பெட்டியையும் ஒரு குழந்தையையும் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அக்கா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். ஐப்பசியில் காந்திமதி அம்மன் திருக்கல்யாணம், அது கூட்டம் குறைந்த, நிதானமான திருவிழா. டவுனில் தங்க நான் ஐப்பசியைத்தான் சொல்வேன்.

பாளைக்கு உச்சம் தசரா. ஆயிரத்தம்மன் முதலாகப் பல அம்மன் கோயில்களிலிருந்து விளக்கு ஜோடித்த சப்பரங்கள் ராத்திரி முழுக்கத் தெருத்தெருவாக வரும். மேளச் சத்தத்தில் தூங்க முடியாது, தூங்கவும் கூடாது. டிசம்பர் கடைசியில் வீட்டுக்கு வீடு நட்சத்திர விளக்குகள், ராத்திரியில் கீதபவனிக் குழுக்கள்.

ரூம் கிடைக்காத காலங்கள் வேறு கணக்கு. குற்றாலம் சாரல் தொடங்கும் ஜூன், ஜூலை சனி ஞாயிறுகள். கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூரில் இடம் கிடைக்காதவர்கள் இங்கே வந்து தங்குவார்கள். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் கல்யாண வீட்டார் மாடி மாடியாகப் பிடித்து வைத்திருப்பார்கள். அரசுத் தேர்வு நாட்களில் பாளைப் பக்கம் நெருக்கடி. தினக் காலண்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தேதி போடுங்கள்.

மழைக்காலம் பற்றி ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரையை மீறி ஜங்ஷன், சிந்துபூந்துறை, கொக்கிரகுளம், வண்ணார்பேட்டைப் பகுதிகளுக்குள் வந்துவிட்டது. அப்படி ஒவ்வொரு வருஷமும் நடக்காது. ஆனாலும் கார்த்திகை, மார்கழியில் வருகிறவர்கள் ஆற்றோரப் பகுதியில் கீழ்த்தள ரூம் எடுக்க வேண்டாம். பாளையில் மருத்துவக் கல்லூரி இருக்கும் பக்கத்துக்கு ஹைகிரவுண்ட் என்று பெயர், பெயரே மேட்டுநிலம் என்று சொல்லிவிடுகிறது.

ஐந்தாம் படி: மேப்பில் ஒரு ஒத்திகை

பகுதி முடிவானதும் கூகுள் மேப்பில் அந்த ரூமைத் திறந்து மூன்று காரியம் செய்யுங்கள். முதலாவது, கடைகள் அடர்ந்த தெருக்களை மேப் மெல்லிய மஞ்சள் பழுப்புச் சாயத்தில் காட்டும். உங்கள் ரூம் அந்தச் சாயத்துக்கு ஓரத்தில் இருந்தால் நல்லது. இரண்டாவது, அருகில் உள்ள ஒரு சாப்பாட்டுக் கடையைத் தொட்டால் எந்த மணிக்கு எவ்வளவு கூட்டம் என்று பட்டைகளாக வரும். முதல் படியில் நீங்கள் குறித்த நேரத்தில் பட்டை உயரமாக இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவதுதான் முக்கியம். ரூமின் விமர்சனங்களில் 'சத்தம்', 'பார்க்கிங்', 'தண்ணீர்', 'பக்கத்தில் கடை' என்ற நாலு சொல்லைத் தேடிப் பாருங்கள். 'அருமை' என்று எழுதிய நூறு பேரால் ஒரு உபயோகமும் இல்லை. 'ராத்திரி இட்லி வாங்க நடந்தே போய் வந்தோம்' என்று ஒருவர் எழுதியிருந்தால் அவர்தான் நமக்குத் தெய்வம்.

போட்டோக்களில் ரூமைப் பார்க்காதீர்கள், வாசலைப் பாருங்கள். வாசல் படத்தில் மனிதர்கள் யாரும் இல்லை என்றால் அங்கே மனிதர்கள் நடப்பதில்லை.

ஆறாம் படி: போன் போட்டுப் பேசுங்கள்

ஆப்பில் பணம் கட்டும் முன் நேரடியாக ஒரு போன். கேட்கிற விதத்தில் கேட்டால்தான் உண்மை வரும். "பக்கத்துல கடை இருக்கா?" என்றால் "இருக்கு சார்" என்று பதில் வரும், எங்கே கேட்டாலும் வரும். அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: "அண்ணாச்சி, ராத்திரி பத்து மணிக்கு நடந்து போய்ச் சாப்பிடணும்னா எந்தக் கடைக்குப் போறது? எத்தனை மணிக்கு அடைப்பாங்க?" "அங்ஙன முக்குல பரோட்டாக் கடை இருக்கு, பதினொரு மணி வரைக்கும் கல்லு காஞ்சிட்டே இருக்கும்" என்று தயங்காமல் வந்தால் அந்த ஏரியாவில் உயிர் இருக்கிறது. "ஆர்டர் பண்ணிக்கலாம் சார்" என்று வந்தால் யோசியுங்கள்.

அப்புறம் வாடகைக் கணக்கு. பல லாட்ஜுகளில் வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் ஒரு நாள். பெரிய ஹோட்டல்களில் மதியம் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டும். காலை ரயிலில் வந்து இறங்குபவருக்கு இந்த வித்தியாசம் அரை நாள் வாடகை. சொல்கிற தொகையில் வரி சேர்ந்ததா என்றும் அப்போதே கேளுங்கள்.

தனியாக வரும் பெண்கள் இன்னும் இரண்டு கேட்க வேண்டும்: ராத்திரி வரவேற்பில் ஆள் இருப்பார்களா, வாசல் மெயின் ரோட்டிலா சந்துக்குள்ளா. என் தங்கை வேலை விஷயமாக வரும்போதெல்லாம் பாளை மெயின் ரோட்டு மேலேயே எடுத்துவிடுவாள். சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், இருட்டுச் சந்து வேண்டாம் என்பது அவள் கட்சி.

ஏழாம் படி: முதல் ராத்திரிக்கு மட்டும் பணம் கட்டுங்கள்

மூன்று நாள் தங்கினாலும் முதலில் ஒரு ராத்திரிக்குத்தான் பதிவு செய்ய வேண்டும், திருவிழாக் காலம் தவிர. வந்ததும் பெட்டியை வைத்துவிட்டு, ஏ.சி.யைப் போட்டுப் படுக்காமல் கீழே இறங்கி ரூமைச் சுற்றி ஒரு வட்டம் நடங்கள். டீக்கடை, மருந்துக்கடை, பழக்கடை, பஸ் நிறுத்தம் நாலும் கண்ணில் பட வேண்டும். இதையே ராத்திரி ஒன்பது மணிக்கும் ஒருமுறை. பகலில் கலகலப்பாக இருந்த தெரு ராத்திரி ஒன்பதுக்கு ஷட்டர் வரிசையாக மாறுவதுண்டு. மொத்த வியாபாரத் தெருக்கள் அப்படித்தான்.

டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு "இங்ஙன ராத்திரி எதுவரைக்கும் ஆள் இருக்கும் அண்ணாச்சி?" என்று கேளுங்கள். நெல்லைக்காரர்கள் ஒரு கேள்விக்கு மூன்று பதில் சொல்வார்கள், கூடவே நீங்கள் எந்த ஊர், யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்றும் விசாரிப்பார்கள். பதில் சொல்லிவிடுங்கள், அடுத்த நாள் காலை அவரே உளுந்தஞ்சோறு எந்த மெஸ்ஸில் நன்றாக இருக்கும் என்று சொல்வார்.

பிடிக்கவில்லை என்றால் மறுநாள் மாற்றிக்கொள்ளுங்கள். இந்த ஊரில் எந்த மூலையிலிருந்தும் எந்த மூலைக்கும் தூரம் அதிகமில்லை. டவுன் பஸ் அடிக்கடி உண்டு, 2021-லிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. ராத்திரி பத்துக்கு மேல் பஸ் குறைந்துவிடும், அப்போது ஆட்டோதான். ஏறும் முன் கூலி பேசிவிடுங்கள்.

எட்டாம் படி: கிளம்பும் நாள்

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. சென்னை திரும்பும் நெல்லை எக்ஸ்பிரஸ் ராத்திரி எட்டு மணிவாக்கில் கிளம்பும். அல்வாக் கடை மாலையில் திறக்கும். இடையில் இருப்பது இரண்டரை, மூன்று மணி நேரம், அதில் வரிசையும் ஈரடுக்குப் பால நெரிசலும் அடக்கம். பாளையில் தங்கியவர்கள் பெட்டியோடு டவுனுக்கு வந்து, வரிசையில் நின்று, ஜங்ஷனுக்கு ஓடுவதை வாரம்தோறும் பார்க்கலாம். ரூமைக் காலி செய்யும்போதே பெட்டிகளை வரவேற்பில் வைத்துவிட்டுப் போகலாமா என்று கேளுங்கள், ஜங்ஷனில் தங்கியவர்களுக்கு இது மிகவும் சுலபம். குடும்பத்தில் ஒருவரை மட்டும் நாலரைக்கே டவுனுக்கு அனுப்பிவிடுங்கள், மற்றவர்கள் நேரே ஸ்டேஷனுக்கு. அல்வாவைச் சூடாக இருக்கும்போது மூடிக் கட்டி பெட்டிக்குள் திணிக்காமல் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

மாமனாரை அடுத்த வருஷம் மறுபடி கூட்டி வந்தேன், அம்மன் சன்னதிக்குப் பக்கத்தில் ரூம். இந்தமுறை எட்டு மணிக்கு வாசலில் இறங்கியவர் பத்தரைக்குத்தான் திரும்பினார், கையில் இரண்டு பத்தமடைப் பாய்.